டிரைவர் அழகர்சாமியின் மட்டம்

அப்பாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பியது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற குழாய். விரல் தடிமன், உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஒரே ஒரு காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டாலும் மட்டம் பொய் சொல்லும். அதனால் அழகர்சாமி குழாயைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, ஒரு முனையை ஓடையில் அமுக்கி, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். தண்ணீர் வேகமாக வந்து தொண்டையில் அடித்தது. இருமி, துப்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீசல் உறிஞ்சுன பழக்கம். இன்னும் போகல பாரு," என்றார்.

மஞ்சூருக்குக் கீழே, ஓர் எஸ்டேட்டின் பழைய சேனல் ஓரம் அது. ஒரு காலத்தில் ஓடைத் தண்ணீரை டீ ஃபேக்டரிக்குக் கொண்டுபோன வாய்க்கால். ஃபேக்டரிக்குக் கரண்ட் வந்த பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். வாய்க்காலை ஒட்டி ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு பாதை மட்டும் மிச்சம். அது மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல் இறங்காமல், வளைந்து வளைந்து போகிறது. காரும் ஜீப்பும் அதில் நுழைய முடியாது. சைக்கிள் போகலாம்.

நடுவில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதை போய்விட்டது. அங்கே புதிதாக வெட்டிய தடத்துக்கு இந்தப் பக்கம் அழகர்சாமி, அந்தப் பக்கம் நவநீதன். இருவர் கையிலும் ஆளுக்கொரு முனை. குழாய் இடையில் தொங்கியது.

"உங்க பக்கம் தண்ணி கோட்டுக்கு வந்துருச்சுங்களா?"

"வந்துது. நீ ஆட்டாம நில்லு. உன்ற பக்கம் என்ன சொல்லுது?"

"நாலு விரல் மேடு."

"நாலு விரலா?" அழகர்சாமி யோசித்தார். "நாலு விரல் தெரியுமா?"

"தெரியாதுங்கப்பா. சைக்கிளுக்கே தெரியாது."

"சைக்கிளுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. உங்கம்மா நெஞ்சுக்குத் தெரியக் கூடாது."

அந்த நாலு விரலையும் வெட்டி எடுத்த பிறகுதான் அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

அது ஞாயிற்றுக்கிழமை. நவநீதன் சாயங்கால பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்விட்டான். சாலை போடும் கம்பெனி ஒன்றில் அவன் சர்வே இன்ஜினீயர். புதன்கிழமை காலை பிராங்ளினிடமிருந்து போன் வந்தது. பிராங்ளின் அழகர்சாமியின் பஸ்ஸில் பல வருடம் கண்டக்டராக இருந்தவர். இருவரும் மஞ்சூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்களாம். டீயில் சர்க்கரை அதிகம் என்று கடைக்காரரை வைதுகொண்டே இருந்த மனிதர், பாதியில் நிறுத்தி, சுவரில் சாய்ந்துகொண்டாராம்.

"கண்ணசந்துட்டாருன்னு நெனச்சேன் தம்பி," என்றார் பிராங்ளின். "டிரைவரண்ணே, ஸ்டார்ட்டிங் டிரபிளான்னு கேட்டேன். அப்படித்தான் கேட்டேன் தம்பி." அழகர்சாமி எழவே இல்லை.

வீட்டில் எல்லோரும் நவநீதனின் அம்மா மாலதியின் நெஞ்சைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அழகர்சாமியின் நெஞ்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

*

அழகர்சாமி மலையில் பிறந்தவர். தாத்தா காலத்தில் தேயிலை வேலைக்கென்று கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்த குடும்பம். லாரியில் கிளீனராக இருந்து, வண்டி பழகி, கடைசியில் அரசு பஸ்ஸில் டிரைவரானார். மஞ்சூர் குன்னூர் பஸ், மஞ்சூர் ஊட்டி பஸ், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்குகிற பஸ் என்று எல்லாம் ஓட்டியிருக்கிறார்.

மலை டிரைவர்கள் பூமியை கியரால் அளப்பார்கள். முதல் கியர் என்றால் ஏத்தம். இரண்டாவது கியர் என்றால் ரோடு. மூன்றாவது கியர் போட முடிந்தால் அது மட்டம். நான்காவது கியர் என்பது மேட்டுப்பாளையத்துக்காரர்களின் விஷயம். "அண்ணன் மூணு போட்டாத்தான் நான் கம்பிய விட்டுட்டு டிக்கெட் கிழிப்பேன்," என்பார் பிராங்ளின். மஞ்சூருக்கு மேலே ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு நீட்டு ரோடு உண்டு. அந்த இடத்துக்கே மட்டம் என்றுதான் பெயர். "மட்டத்துல எறங்கறது யாருங்க?" என்று பிராங்ளின் கேட்பார். ஆட்கள் எழுந்து நிற்பார்கள்.

மாலதிக்கு ஊர் கோபி பக்கம். தடப்பள்ளி வாய்க்கால் கரையிலேயே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவள். நிச்சயதார்த்தத்தன்று, அதிகம் பேசக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தும், அவள் மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, என்ற சைக்கிள பஸ்ஸு மேல போட்டுக் கொண்டாந்துரலாங்களா?"

"தாராளமா கொண்டாரலாமுங்க. ஆனா எங்கூர்ல சைக்கிள் ஒரு பக்கந்தான் ஓடும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சைக்கிள் தங்கைக்குப் போனது.

அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது கல்யாணத்துக்குப் பிறகு, விருந்துக்குப் போன இடத்தில். மச்சான் சைக்கிளைக் கொடுத்து, கடைத்தெருவில் போய் வாழையிலை வாங்கி வரச் சொன்னான். பஸ் டிரைவருக்குச் சைக்கிள் தெரியாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இவரும் மறுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். தெருமுனைக்கு அப்புறமும் தள்ளிக்கொண்டே போனார். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்து இலைக்குக் காத்திருந்தார்கள். வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்னுங்க மாப்ள, பஞ்சருங்களா?"

"இல்லீங்களே. நல்ல வண்டி."

வாசலில் நின்றிருந்த மாலதிக்கு விளங்கிவிட்டது. அவள் இலைக்கட்டை வாங்கிக்கொண்டு, "நாந்தானுங்க அவரத் தள்ளிட்டு வரச் சொன்னேன், எல கசங்கிருமுன்னு," என்று அண்ணனிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவர் அவளுடைய ஆள். இதை அவளே நவநீதனிடம் சொல்லியிருக்கிறாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல் நடித்துக்கொண்டிருக்கும்போது.

மலைக்கு வந்தபின் மாலதி அங்கன்வாடி டீச்சர் ஆனாள். எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற ஆறாம் நம்பர் லைனில் அவளுடைய சென்டர். அம்மாக்கள் காலையிலேயே கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகள் அவளிடம். ரோடு லைனுக்கு மேலேயே நின்றுவிடும். அங்கிருந்து படிக்கட்டு. இறங்குவது சுலபம். சாயங்காலம் ஏறும்போது அவள் பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். பிறகு இரண்டு தடவை ஆனது. பிறகு படிக்குப் படி ஆனது.

இதயத்தில் வால்வு சரியில்லை என்றார்கள். கோயம்புத்தூர் டாக்டரம்மா நல்ல மாதிரி. படி ஏறக் கூடாது, மேடு ஏறக் கூடாது, மாத்திரையை விடக் கூடாது என்றார். "மட்டத்துல மெதுவா நடங்க. தூரமா நடந்து களைச்சுப் போகக் கூடாது. சைக்கிள் பழக்கம் இருந்தா அலட்டிக்காம ஓட்டலாம். உங்களுக்கு அது நல்லதுதான்."

திரும்பி வரும் பஸ் பர்லியாறு வளைவுகளில் முக்கி ஏறியது. மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க, அந்த டாக்டரம்மாகிட்ட நாம எந்த ஊருன்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

அழகர்சாமி சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலை விட்டு இறங்கினால் கடைக்கு மேடு, குழாய்க்குப் பள்ளம், பக்கத்து வீட்டுக்கே நாலு படி. மட்டத்தில் மட்டும் நடக்கலாம் என்றால் அவள் வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடக்க வேண்டியதுதான்.

மெடிக்கல் லீவு போட்டாள். லீவு மே மாதத்தோடு முடிகிறது. ஜூனில் சென்டருக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட வேண்டும். வேறு சென்டருக்கு மாற்றல் கேட்கலாமே என்று நவநீதன் சொன்னான்.

"எந்த சென்டர் கண்ணு ரோட்டு மேல இருக்குது? எல்லாம் லைனுக்குள்ளதான். லைனுன்னாலே படிதான்," என்றாள். பிறகு, "ஆறாம் நம்பர்ல ஒரு பொடியன், நான் ஊட்டுனாத்தான் முட்ட திங்கறான்," என்றும் சொன்னாள்.

அழகர்சாமி அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வாழ்நாள் முழுக்க வளைவும் ஏத்தமும் ஓட்டிய மனிதர், மட்டமான நிலம் தேடிக் கிளம்பினார்.

*

முதலில் அவருக்குத் தோன்றியது, செக்போஸ்ட்டுக்கு மேலே இருந்த அந்த மட்டம்தான். மரம் ஏற்றிப் போன லாரிகள் நின்றுபோனபின் அதில் நாளைக்கு நாலு பஸ்தான். முதலில் அவள் அங்கே ஓட்டிப் பழகட்டும் என்று நினைத்தார். நவநீதன் கோயம்புத்தூரில் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி, பஸ்ஸின் பின் சீட்டில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தான்.

மாலதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். இத்தனை வருடம் கழித்தும் ஒரு மிதி தவறவில்லை. அழகர்சாமி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பிராங்ளின் வாயில் விரலை வைத்து விசில் அடித்தார்.

"போலாம் ரைட்! டிரைவரண்ணே, நீங்க ஒரு ரவுண்டு போறீங்களா?"

"ஏர் பிரேக் இல்லாத வண்டியத் தொடறதில்ல."

"ஆமாமா, இவரு ஏறி உக்காந்தா வண்டி ஒரு பக்கந்தான் ஓடும். கீழ் பக்கம்!"

மாலதி சிரித்துக்கொண்டே போனாள். கொஞ்ச தூரத்தில் சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில் சைக்கிள் நின்றது. ரோட்டோரம் உட்கார்ந்தவள் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஜீப் பிடித்துக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தப்பித்தாள்.

அடுத்த வாரம் நவநீதன் அந்த ரோட்டை அளந்து பார்த்தான். அது மட்டமே இல்லை. ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. எல்லாமே சாய்ந்து கிடக்கிற ஊரில், கொஞ்சம் குறைவாகச் சாய்ந்திருப்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். மஞ்சூர்க்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஊரே சேர்ந்து ஒரு ஏத்தத்துக்கு மட்டம் என்று பெயர் வைத்திருந்தது.

"இத்தன வருஷம் அதுல மூணாவது கியர்ல போயிருக்கேன் தம்பி," என்றார் அழகர்சாமி.

"பஸ்ஸுக்கு அது மட்டந்தாங்கப்பா."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் லேசில் வாயில் எடுப்பதில்லை. யாராவது ஓரிடத்தை மட்டம் என்று சொன்னால், "நீ சொல்லாத. தண்ணி சொல்லட்டும்," என்பார்.

சேனலைக் கண்டுபிடித்தது யார் என்பதில் அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசி வரைக்கும் தகராறு. நவநீதன் கம்ப்யூட்டரில் உயரக் கோடுகளைப் போட்டுப் பார்த்து, வீடும் ஆறாம் நம்பர் அங்கன்வாடியும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருப்பதைக் காட்டினான். நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதைச் சுற்றிக்கொண்டு ஒரே கோடு. அழகர்சாமி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"அட, இது நம்ம ஃபேக்டரி சேனலு. சின்ன வயசுல இதுல காகிதக் கப்பல் விட்டிருக்கேன்."

"நான் சொல்லித்தானுங்க உங்களுக்குத் தெரிஞ்சுது."

"நீ கோடு காட்டுன. சேனல் நான் காட்டுனேன்."

சேனல் பாதை அவர்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டித் தொடங்கி, அங்கன்வாடியின் சமையல் கட்டுக்குப் பின்னால் போய் முடிந்தது. உண்ணிச்செடியும் பெரணியும் மூடிக் கிடந்தன. பனிக்காலத்தில் வெட்ட ஆரம்பித்தார். தினம் காலையில் பிராங்ளினும் கூட வந்து, மண்வெட்டியின் மேல் சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நவநீதன். எஸ்டேட் மேனேஜர் வந்து பார்த்து, "டிரைவரய்யா, எங்க லேபருக்கும் நல்லதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் சரி என்றார்கள், ஆண்டாயியைத் தவிர.

ஆண்டாயியின் நிலம் சேனலுக்கு இரண்டு பக்கமும் இருந்தது. கொஞ்சம் தேயிலை, மீதியில் பூண்டும் உருளைக்கிழங்கும். காட்டுப்பன்றிக்கும் காட்டெருமைக்கும் பயந்து லைன் பக்கம் தவிர மூன்று பக்கமும் கம்பி கட்டி, சேனல் பாதையையும் சேர்த்து அடைத்திருந்தாள். அந்த வேலியிலிருந்து எட்டிப் பார்த்தால் அங்கன்வாடி ஓடு தெரியும். ஆனால் வேலியைச் சுற்றிப் போவதென்றால் மேலே ஏறித்தான் இறங்க வேண்டும்.

அவளுக்கு அழகர்சாமி மேல் ஒரு பழைய கோபம். ஒரு மழை நாள் சாயங்காலம், பூண்டு மூட்டையோடு வளைவில் நின்று கை காட்டியிருக்கிறாள். கடைசி பஸ். படியில் எல்லாம் ஆள் தொங்கியது. அழகர்சாமி நிறுத்தவில்லை. அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இருட்டில் வீட்டுக்கு நடந்தாள். அப்புறம் அவர் ஓட்டுகிற பஸ்ஸில் அவள் ஏறவே இல்லை. அடுத்த பஸ் வருகிற வரைக்கும் நின்றே போவாள். காலி பஸ்ஸை அவள் முன்னால் நிறுத்தி, ஹாரன் அடித்துக் கூப்பிட்டிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வேலி விஷயமாக அழகர்சாமி முதல் முறை போனபோது நவநீதனும் கூட இருந்தான்.

"அன்னைக்கு நிக்காமப் போனவன் இன்னைக்கு என்ற வேலிகிட்ட வந்து நிக்கறான் பாரு," என்று ஆண்டாயி காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, அந்த வளைவுல, அந்த லோடோட நிறுத்துனா வண்டி திரும்ப எடுக்காதுங்க. பின்னால உருண்டுரும்."

"வண்டி எடுக்கலையா, உனக்கு மனசு எடுக்கலையா?"

அடுத்தடுத்த முறையும் அவர் வண்டியின் எடையையும் வளைவின் ஏத்தத்தையும்தான் விளக்கினார். ஒவ்வொரு முறையும் ஆண்டாயி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மண் சரிந்த இடத்தைச் சரி செய்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸுக்கு நடக்கும்போது நவநீதன் கேட்டான்: "ஆண்டாயி பெரியம்மாவ என்னுங்க பண்ணப் போறீங்க? மே பொறந்துருச்சு, லீவு முடியப் போகுது."

"அத நான் பாத்துக்கறேன். நீ போ," என்றார். அவர் அவனிடம் நேரில் பேசியது அவ்வளவுதான்.

*

காரியம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும்.

நவநீதன் லீவு நீட்டித்திருந்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் மண்வெட்டியைக் கழுவினான். குழாயிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுருட்டி வைத்தான். பிறகு அம்மாவிடம், "கோயமுத்தூர் வந்துருங்க," என்றான். "படி இல்லாத வீடா பாத்துட்டேன். கீழ் வீடு. ரோடெல்லாம் மட்டம்."

"மட்டந்தான் கண்ணு. அந்த மட்டத்துல எத்தன வண்டி போகுது. ரோட்டத் தாண்டறதுக்குள்ள நெஞ்சு வாய்க்கு வந்துரும்." மாலதி வெந்நீர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "சரி, வரேன். எழுதிக் குடுத்துட்டு வரேன். இனி யாரு வேலியத் தொறக்கறது, யாரு என்னைய அந்தப் பக்கம் கொண்டு போறது."

அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஆண்டாயி வந்தாள். நடந்து வந்த மூச்சு அடங்கும் வரைக்கும் வாசலிலேயே நின்றாள். மடியில் பூண்டு கொண்டு வந்திருந்தாள். அதை முறத்தில் கொட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"அவன் வந்திருந்தான், திங்கக்கெழம," என்றாள்.

மாலதியும் நவநீதனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது தெரியாது.

"எப்பவும் போல லோடு, கியருன்னு ஆரம்பிப்பான்னு நெனச்சேன். ஒண்ணும் சொல்லல. வெளியக் கல்லுல உக்காந்தான். ரொம்ப நேரம் உக்காந்தே இருந்தான். அப்பறம், 'நிறுத்தியிருக்கோணும் ஆண்டாயிக்கா. எடுக்காட்டி எடுக்காமப் போகுது, எல்லாரையும் எறக்கித் தள்ளியிருக்கலாம்'னான். அவ்வளவுதான் சொன்னான். நான் என்ன பண்றது? காப்பி வெச்சுக் குடுத்தேன்."

மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"கம்பிய அறுத்துக்கோன்னு சொல்லிட்டேன். ஆனா தானா சாத்திக்கற மாதிரி ஒரு கேட்டு போட்டுக் குடுத்துரு, டீச்சரு பாட்டுக்குத் தொறந்து போட்டுட்டுப் போனா பன்னி எறங்கிரும்னேன். வேசாழக்கெழம வந்து போட்டுத் தர்றேன்னு போனான். நானும் கூடக் கொஞ்சம் அரிசி வாங்கி வெச்சேன், வேல செய்யற ஆளாச்சேன்னு." குரல் உடைந்தது. "ரெண்டாந்தரமும் நிக்காமப் போயிட்டான் பாரு, படுபாவி."

அப்போதுதான் மாலதி அழுதாள். ஆண்டாயி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அழாத, அழாத, மூச்சு வாங்கிரும்," என்று அதட்டினாள். நவநீதன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். சைக்கிள் சாக்கு போர்த்தி நின்றிருந்தது. அதன் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அழுகை வந்துவிட்டது.

*

மஞ்சூரில் வெல்டிங் பட்டறை அம்புரோஸுடையது. நவநீதன் உள்ளே போனதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்க தம்பி. அப்பா செவ்வாக்கெழம சாயங்காலம் வந்திருந்தாரு. ஆங்கிள் எல்லாம் அவரே பொறுக்கி எடுத்து அந்த மூலைல வெச்சிருக்காரு பாருங்க. அகலம் என்னன்னு கேட்டேன். காலைல டீ குடிச்சுட்டு, போய் அளந்து வந்து சொல்றேன்னு போனாரு."

மூலையில் இரும்புச் சட்டங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. அம்புரோஸ் அவற்றை வேறு வேலைக்கு எடுக்கவில்லை.

நவநீதன் வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தான். கதவு, சைக்கிள் கைப்பிடி போகிற அகலத்துக்கு வேண்டும். காட்டெருமை தலையை நுழைக்காத அகலத்துக்கும் வேண்டும். சைக்கிளையே கொண்டுபோய் நிறுத்தி அளந்துவிடலாம் என்று தள்ளிக்கொண்டு கிளம்பினான்.

"குடு," என்றாள் மாலதி.

"அம்மா, வேண்டாம்."

"மட்டந்தான?"

நவநீதன் கைப்பிடியை விட்டான். "மட்டந்தானுங்க. நாங்க பாத்தாச்சு."

அவள் ஏறினாள். அவன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். அவன் காதெல்லாம் அவள் மூச்சிலேயே இருந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காய்ந்த வாய்க்கால். எதிரே எந்த வண்டியும் வரவில்லை. எங்கோ கீழே பஸ் ஒன்று கியர் மாற்றும் சத்தம் மட்டும். மண் சரிந்த இடம் வந்தது. அவன் கேரியரை இறுக்கிப் பிடித்தான். அவள் அதைத் தாண்டியதே தெரியாமல் தாண்டினாள்.

"எங்க கண்ணு, எங்கயோ மண்ணு சரிஞ்சுதுன்னீங்களே?"

"தாண்டிட்டமுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் மிதித்த பிறகு, "அப்படியா," என்று மட்டும் சொன்னாள்.

வேலியில் ஆண்டாயி காத்திருந்தாள். மாலதி சைக்கிளோடு நின்றாள். நவநீதன் கைப்பிடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குச்சி நட்டு அளந்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நடு. டீச்சர் கைய இடிச்சுக்கும்," என்றாள் ஆண்டாயி.

"பன்னி வந்துருமுங்க பெரியம்மா."

"வந்தா நான் பாத்துக்கறேன். தள்ளி நடு."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் சத்தம் கேட்டது. மாலதி அளவெடுப்பதைப் பார்க்காமல் ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை சாப்பிடாத பொடியனாக இருக்கும், யாரோ ஒருவன் உரக்க அழுதுகொண்டிருந்தான்.

"இவன எவளோ அதட்டுறா," என்று மாலதி முணுமுணுத்தாள்.

அகலத்தைச் சொல்ல நவநீதன் அன்றைக்கே பட்டறைக்குப் போனான். அம்புரோஸ் சாக்பீஸால் இரும்பில் குறித்துக்கொண்டார்.

"தானா சாத்திக்கணும்னா ஸ்பிரிங் கீல் வேணும் தம்பி. அது ஒரு பக்கந்தான் தள்ளித் தொறக்கும். எந்தப் பக்கம் தொறக்கணும்?"

நவநீதனுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவரும் யோசித்திருக்காமல் இருக்கலாம். போனை எடுத்தான்.

"அம்மா, கேட்டு ஒரு பக்கந்தான் தள்ளித் தொறக்குமாமுங்க. போறப்பத் தள்ளற மாதிரி வெக்கறதா, வாறப்பத் தள்ளற மாதிரியா?"

"இன்னொரு பக்கம் எப்படி?"

"எறங்கி இழுத்துத் தொறக்கோணுமுங்க."

மறுமுனையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"வாறப்பத் தள்ளற மாதிரி வெச்சுரு கண்ணு," என்றாள். "போறப்ப நான் தெம்பாத்தான் இருப்பேன். எறங்கித் தொறந்துக்குவேன். வாறப்பத்தான் பிள்ளைகளோட கத்திக் களைச்சிருப்பேன்."

நவநீதன் சொன்னதும் அம்புரோஸ் தலையாட்டினார். ஸ்பிரிங் கீல் தன்னிடம் இல்லை, மஞ்சூரில் எங்கேயும் கிடைக்காது, குன்னூருக்குத்தான் போக வேண்டும், நாலு அங்குலம் என்று கேட்டு வாங்க வேண்டும், இரண்டு வேண்டும் என்றார்.

நவநீதன் போய் குன்னூர் பஸ்ஸுக்கு நின்றான்.